அன்றாட வாழ்வில் இயேசுவைப் பின்பற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சபையில் வேதபாடம் நடக்கும்போதும், ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசும்போதும் திரும்பத் திரும்ப எழுகிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களை வேதவசனத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை வாசிப்பவருக்கு உண்டு. பெரோயா பட்டணத்தார் பவுலின் போதனையையே அப்படித்தான் ஆராய்ந்து பார்த்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). வசனங்களைத் தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் பரவலாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறேன்.

ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் (விசுவாசத்தைத் தாமே சபைமுன் உறுதிசெய்யும் சடங்கு) பெற்றிருக்கிறேன், ஆராதனைக்கும் தவறாமல் போகிறேன். இதற்கு மேல் சீஷத்துவம் என்று தனியாக என்ன இருக்கிறது?

உயிர்த்தெழுந்த இயேசு கலிலேயாவில் பதினொருவருக்குக் கொடுத்த கட்டளையில், ஞானஸ்நானம் கொடுங்கள் என்பதற்குப் பின்னும் ஒரு பகுதி இருக்கிறது: "நான் உங்களுக்குக் கட்டளையிட்ட யாவையும் அவர்கள் கைக்கொள்ளும்படி அவர்களுக்கு உபதேசம்பண்ணுங்கள்" (மத்தேயு 28:20). கட்டளைகளை அறிந்துகொள்ளும்படி என்று அவர் சொல்லவில்லை, கைக்கொள்ளும்படி என்றார். நம்மில் பெரும்பாலானோர் முதல் பகுதியைப் பெற்றுக்கொண்டு, இரண்டாம் பகுதியின் வாசலிலேயே பல ஆண்டுகளாக நின்றுவிடுகிறோம் என்பது என் எண்ணம்.

"ஒருவன் என் பின்னே வர விரும்பினால் அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்" என்று லூக்கா 9:23 சொல்கிறது. அனுதினமும் என்று சொன்னபின், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதற்குப் போதாது. அலுவலகத்துக் கணக்கு, வீட்டில் எழுகிற கோபம், கைப்பேசியில் நாம் பரப்புகிற செய்தி, வேலைக்கு வருபவருக்குக் கொடுக்க வேண்டிய கூலி ஆகிய எல்லாம் சீஷத்துவத்திற்குள் அடங்கும். சுருங்கச் சொன்னால், வேதத்தில் இன்று எனக்கு விளங்கிய ஒன்றை, இயேசுவின்மேல் உள்ள அன்பினிமித்தம் இன்றே செய்வதுதான் சீஷத்துவம். இந்தப் பக்கத்தில் உள்ள மற்றப் பதில்கள் எல்லாம் இதன் விரிவே.

வேதாகமத்தை எங்கிருந்து வாசிக்கத் தொடங்க வேண்டும்? ஆதியாகமத்தில் தொடங்கினால் ஒவ்வொரு முறையும் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன்.

சுவிசேஷங்களிலிருந்து தொடங்குங்கள். பின்பற்றப்பட வேண்டியவர் எப்படி நடந்தார், யாரோடு உணவருந்தினார், எதற்குக் கோபப்பட்டார், எதற்கு அழுதார் என்பதை அறியாமல் அவரைப் பின்பற்ற முடியாது. மத்தேயு 28, மாற்கு 16, லூக்கா 24, யோவான் 21 என நான்கிலும் சேர்த்து 89 அதிகாரங்கள் உள்ளன. நாளொன்றுக்கு ஓர் அதிகாரம் வாசித்தால் மூன்று மாதத்திற்குள் நான்கையும் முடித்துவிடலாம். மாற்கு சுவிசேஷமே மிகச் சிறியது என்பதால், புதிதாக வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு அதைத்தான் முதலில் கொடுப்பது என் வழக்கம்.

அதற்குப் பின் அப்போஸ்தலர் நடபடிகளுக்கும், ஒரு சிறு நிருபத்திற்கும், சங்கீதங்களுக்கும் செல்லுங்கள். லேவியராகமத்தை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டாம். இயேசு இரண்டாம் பிரதான கற்பனை என்று எடுத்துச் சொன்ன "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்ற வசனம் லேவியராகமம் 19:18-இல்தான் இருக்கிறது. அதே அதிகாரத்தின் 13-ஆம் வசனம், கூலிக்காரனுடைய கூலியை விடியும்வரை உன்னிடத்தில் வைத்திருக்காதே என்கிறது. சுவிசேஷங்களை வாசித்தபின் அங்கே திரும்பிச் செல்பவருக்கு அந்தப் புத்தகம் பழையபடி வறண்டதாகத் தோன்றாது.

வாசிக்கிறேன், ஆனால் மனதில் நிற்பதில்லை. எப்படி வாசிப்பது?

வேகமாக வாசிப்பதும், எதையும் செய்யும் எண்ணமில்லாமல் வாசிப்பதும் இதற்கு முக்கியக் காரணங்கள். யாக்கோபு 1:22, "திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள்" என்று சொல்லி, செய்யாமல் கேட்பது தன்னைத்தானே வஞ்சிப்பது என்று எச்சரிக்கிறது. செய்து பார்த்த வசனம் எளிதில் மறப்பதில்லை.

ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். மத்தேயு 5:23, 24-ஐ எடுத்துக்கொள்வோம். காணிக்கையோடு பலிபீடத்தண்டை வந்து நிற்கும் ஒருவனுக்கு, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" அங்கே நினைவு வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து" என்று இயேசு சொல்கிறார். முதல் வாசிப்பில் இது சமாதானத்தைப் பற்றிய பொதுவான அறிவுரையாகத் தோன்றும். இரண்டாம் முறை நிதானமாக வாசியுங்கள். யார்மேல் தவறு என்ற விசாரணையே அங்கு இல்லை. சகோதரனுக்கு என்மேல் மனக்குறை இருக்கிறது என்பதே நான் எழுந்து போவதற்குப் போதுமான காரணமாகிவிடுகிறது. இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயர்கள். பலிபீடமோ எருசலேமில் இருந்தது. காணிக்கையை வைத்துவிட்டு ஊருக்கு நடந்து போய், ஒப்புரவாகி, மறுபடியும் நடந்து வருவது பல நாள் பயணம். அவ்வளவு தொலைவு நடந்தாகிலும் இதை முடித்துவிட்டு வா என்கிறார் ஆண்டவர்.

இப்போது வாசிப்பவரின் பக்கம் வருவோம். பூர்வீக வீட்டைப் பிரித்தபோது பொதுச்சுவரைப் பற்றி எழுந்த வாக்குவாதத்தில் அண்ணனோடு பேச்சு நின்றுபோன ஒருவர் இதை வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை அவர் தம் குறிப்பேட்டில் எழுத வேண்டியது நீண்ட தியானமல்ல. "இன்று இரவு எட்டு மணிக்குள் அண்ணனுக்குப் போன் செய்ய வேண்டும்" என்ற ஒரு வரி போதும். போனில் சுவரைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமும் இல்லை. "அண்ணே, உடம்பு எப்படி இருக்கிறது, நான் அன்று பேசின விதம் சரியில்லை" என்று தொடங்கினால் போதும். அண்ணன் போனை எடுக்காமல் போகலாம், எடுத்தபின் வைத்துவிடவும் கூடும். அப்படியானாலும் அந்த வசனம் அவருக்குள் வேர்விட்டுவிட்டது.

ஆகவே நான் பரிந்துரைக்கும் முறை எளிது: ஒரு சிறு பகுதியை இருமுறை வாசியுங்கள். இயேசு இங்கே எப்படிப்பட்டவராகக் காணப்படுகிறார் என்று கேளுங்கள். இன்று நான் செய்ய வேண்டியது அல்லது விட வேண்டியது என்ன என்று கேட்டு, அதை ஒரே வரியில் எழுதுங்கள். மறுநாள் புதிய பகுதிக்குப் போகும் முன் நேற்றைய வரியைப் பாருங்கள். அதைச் செய்திருக்காவிட்டால், புதிய பகுதிக்கு அவசரப்பட வேண்டியதில்லை.

புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசனத்தை ஆண்டு முழுவதும் பிடித்துக்கொள்கிறேன். அது தவறா?

தவறில்லை. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, அதை வேதாகமத்துக்குள் பத்திரப்படுத்தி, மருத்துவமனையிலும் தேர்வு நேரத்திலும் எடுத்துப் பார்த்து ஆறுதல் அடைந்தவர்கள் நம் சபைகளில் ஏராளம். அந்த ஆறுதலைக் குறைவாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அட்டையில் இருப்பது ஒரு வசனம் மட்டுமே. அந்த வாரத்திற்குள் அது இடம்பெறும் அதிகாரம் முழுவதையும் வாசித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எரேமியா 29:11 இப்படி நாம் மிகவும் விரும்பும் வசனங்களில் ஒன்று: "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தின் ஒரு பகுதி. இதற்கு முந்தைய வசனம், எழுபது ஆண்டுகள் நிறைவேறிய பின்பே விடுதலை என்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் வயதில் மூத்தவர்கள் ஊர் திரும்பப் போவதில்லை. அதுவரை என்ன செய்ய வேண்டும் என்பதை 5 முதல் 7 வரையுள்ள வசனங்கள் சொல்கின்றன: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கும் அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள். முழு அதிகாரத்தையும் வாசித்தவர், இந்த வாக்குத்தத்தத்தோடு ஒரு நீண்ட பொறுமையும், அயலாருக்குச் செய்ய வேண்டிய கடமையும் இணைந்திருப்பதைக் காண்பார்.

இரட்சிப்பு கிருபையினால் கிடைப்பது என்றால், கட்டளைகளைக் கைக்கொள்வதை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும்?

எபேசியர் 2:8, 9 கிருபையினால் இரட்சிக்கப்பட்டோம், கிரியைகளினால் அல்ல என்கிறது. அடுத்த வசனமே, நற்கிரியைகளைச் செய்வதற்காகக் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது. மூன்று வசனங்களையும் சேர்த்து வாசித்தால் சிக்கல் இல்லை. கீழ்ப்படிதலால் தேவனுடைய அன்பைச் சம்பாதிக்க முயல்பவர், விழும்போது ஒளிந்துகொள்வார். அந்த அன்பை ஏற்கெனவே இலவசமாகப் பெற்றுக்கொண்டவர் விழும்போது எழுந்து வருவார். வெளிப்பார்வைக்கு இருவரும் ஒரே காரியத்தைச் செய்வதுபோலத் தோன்றினாலும், உள்ளே வேறு இரண்டு வாழ்க்கைகள் நடக்கின்றன.

ஜெபிக்க நேரமே கிடைப்பதில்லை.

இயேசுவுக்கும் நேரம் கிடைக்கவில்லை. கப்பர்நகூமில் அஸ்தமனத்திற்குப் பின்னும் ஊர் முழுவதும் வாசலில் கூடி நின்றது. மறுநாள் அவர் "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" வனாந்தரமான ஓரிடத்திற்குப் போய் ஜெபித்தார் (மாற்கு 1:33-35). பரமண்டல ஜெபத்தை நிதானமாக, ஒவ்வொரு விண்ணப்பத்திலும் சற்று நின்று ஜெபிக்கப் பத்து நிமிடம் போதும். கைக்குழந்தை உள்ள தாய்மாருக்கும், இரவுப்பணி செய்வோருக்கும் அதிகாலை நேரத்தைச் சட்டமாக விதிப்பது நியாயமல்ல. அவர்கள் தங்களுக்கு இயன்ற நேரத்தைத் தெரிந்துகொள்ளட்டும்.

வேலை செய்யும் இடத்தில் பொய்க்கணக்கு எழுதச் சொல்கிறார்கள். வேலையை விட்டுவிட வேண்டுமா?

எடுத்த எடுப்பிலேயே விட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். யோவான் ஸ்நானகனிடம் ஆயக்காரரும் (வரி வசூலிப்பவர்கள்) போர்ச்சேவகரும் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, அவர் அவர்களை வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. விதித்திருக்கிறதற்கு அதிகமாய் வாங்காதிருங்கள் என்று ஆயக்காரருக்கும், ஒருவரையும் இடுக்கண் செய்யாமலும் பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமலும் உங்கள் சம்பளமே போதும் என்று இருங்கள் என்று சேவகருக்கும் சொன்னார் (லூக்கா 3:12-14). அந்தந்தத் தொழிலில் எது சோதனையோ அதைச் சரியாகத் தொட்டுப் பேசினார்.

முதலாளி இரண்டு பில் புத்தகம் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "அண்ணாச்சி, கடையில் எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன், இந்தப் புத்தகத்தில் மட்டும் என் கையால் எழுத வேண்டாம்" என்று பணிவோடும், மற்றவர்கள் முன்னிலையில் அவரை அவமானப்படுத்தாமலும் சொல்லலாம். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" சொல்லும் பழக்கம் (மத்தேயு 5:37) உங்களிடம் ஏற்கெனவே இருந்தால், அந்த வேண்டுகோளுக்கு எடை இருக்கும். தாமதமாக வந்துவிட்டுப் பேருந்து கிடைக்கவில்லை என்று தினமும் பொய் சொல்பவர் திடீரென்று மனச்சாட்சியைப் பற்றிப் பேசினால் யாரும் நம்பமாட்டார்கள். அப்படிச் சொல்லியும் வேலை போகலாம் என்பதை மறைப்பது சரியல்ல. அந்த நிலையில் ஒருவருடைய வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் சபை துணை நிற்காவிட்டால், நேர்மையைப் பற்றிப் பிரசங்கிக்கும் தகுதி அந்தச் சபைக்குக் குறைந்துபோகிறது.

முதலாளிகளாக இருக்கும் விசுவாசிகளுக்கும் ஒரு வார்த்தை. "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. வீட்டில் பாத்திரம் துலக்க வருபவருக்குச் சம்பளத்தைப் பத்தாம் தேதிவரை இழுத்தடித்துவிட்டு, ஞாயிறன்று காணிக்கைக் கவரை மட்டும் தவறாமல் கொடுப்பது ஆண்டவருக்குப் பிரியமானதாக இருக்க முடியாது. ஆயக்காரருக்குத் தலைவனாயிருந்த சகேயு மனந்திரும்பியபோது அவன் வாயிலிருந்து முதலில் வந்தது கணக்குத்தான்: "நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" (லூக்கா 19:8).

தசமபாகம் கட்டாயமா?

இதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இயேசு தசமபாகத்தைத் தள்ளிவிடவில்லை. ஆனால் ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும் பத்தில் ஒன்றை எண்ணிக் கொடுத்துவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டவர்களைக் கடிந்துகொண்டார் (மத்தேயு 23:23). பவுல், விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, அவனவன் தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கட்டும் என்கிறார் (2 கொரிந்தியர் 9:7). பத்தில் ஒன்று என்பதை நல்ல தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கடன்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் அதைக் காணிக்கையாக்க வேண்டாம்.

தென் மாவட்டச் சபைகளில் நம் பாட்டிமார் கைக்கொண்ட பிடியரிசி வழக்கத்தை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். சேர்ந்ததும் அது ஆலயத்திற்குப் போகும். வருமானம் என்று கையில் ஒன்றும் இல்லாத பெண்கள், தங்கள் வீட்டுச் சோற்றிலிருந்தே கொடுத்தார்கள். உண்ணும்போதெல்லாம் கொடுக்கும் அந்தப் பழக்கம், மாதத்திற்கு ஒருமுறை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் தொகையைவிட மனதை அதிகமாகப் பண்படுத்தும் என்று நம்புகிறேன்.

வரதட்சணையைப் பற்றி வேதாகமம் நேரடியாக எதுவும் சொல்லவில்லையே?

திருமணத்திற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கிறோம். தடை ஏதும் உண்டா என்று சபையைக் கேட்கிறோம். அதற்கு முன்பே, இத்தனை பவுன், இவ்வளவு ரொக்கம், ஒரு கார் என்று பேசி முடித்திருந்தால், கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல மனைவியில் அன்புகூர வேண்டும் (எபேசியர் 5:25) என்று பீடத்தில் வாசிக்கும்போது அந்த மணமகன் யாரைப் பார்ப்பார்? தம்மைக் கொடுக்க அழைக்கப்பட்டவர் தமக்கு விலை வைக்கிறார். நாட்டுச் சட்டமே 1961 முதல் இதைத் தடைசெய்திருக்கிறது. "நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகச் செய்கிறார்கள்" என்ற பேச்சு நம் வீடுகளில் மிகவும் பழகிப்போய்விட்டது. பெண்வீட்டார் இதை மறுக்கும் நிலையில் இல்லை. ஆகவே மாப்பிள்ளை வீட்டார்தான் நிச்சயதார்த்தத்திற்கு முன்பே, உறவினர் முன்னிலையில், எதுவும் வேண்டாம் என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். திருமண வயதில் இருக்கும் தம்பிமாரே, இது உங்கள் சிலுவை. பெற்றோரிடம் முதலில் பேச வேண்டியவர் நீங்கள்தான்.

கிறிஸ்தவர்களுக்குள் சாதி பார்ப்பது வெறும் சமுதாய வழக்கம்தானே? விசுவாசத்தோடு அதற்கு என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்விக்கு நான் தயக்கமின்றிப் பதில் சொல்கிறேன்: சாதி பார்த்துக்கொண்டே இயேசுவைப் பின்பற்ற முடியாது. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து யூதர் சிலர் வந்ததும் பந்தியைவிட்டு விலகினார். பவுல் அதை உணவு வழக்கம் என்று விட்டுவிடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி நடக்கவில்லை என்று எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11-14). பந்தியில் பிரிந்து உட்காருவது சுவிசேஷத்தையே மறுதலிப்பது என்பதுதான் பவுலின் வாதம். "நீங்களெல்லாரும் கிறிஸ்து இயேசுவுக்குள் ஒன்றாயிருக்கிறீர்கள்" (கலாத்தியர் 3:28) என்ற வசனம் அதே நிருபத்தில்தான் வருகிறது.

நம் வரலாறு இதில் வெட்கமும் மேன்மையும் கலந்தது. 1706-இல் ஜெர்மானிய ஊழியரான சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்து சீர்திருத்தத் திருப்பணி தொடங்கியபின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, பல சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் பொறுத்துக்கொள்ளப்பட்டது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைத் திருச்சபை உடனடியாகவும் முழுமையாகவும் கைவிட வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது மேல் என்று வெளியேறினார்கள். இன்னொரு பக்கம், திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றிய தேவசகாயம் 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபின், தாழ்த்தப்பட்டவர்களோடு வேறுபாடின்றிப் பழகினார். 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். கத்தோலிக்கத் திருச்சபை 2022-இல் அவரைப் புனிதராக அறிவித்தது.

இன்றும் தமிழ்நாட்டில் ஒரே விசுவாச அறிக்கையைச் சொல்பவர்களுக்குத் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் இருக்கும் ஊர்கள் உண்டு. பெரிய மாற்றங்களுக்காகப் பேசுவது அவசியம். அதோடு உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் தொடங்குங்கள். வேலைக்கு வருபவருக்குத் தேநீர் கொடுக்க வாசலோரம் தனியாக வைத்திருக்கும் டம்ளரை இன்றே அகற்றிவிட்டு, நீங்கள் குடிக்கும் டம்ளரில், நாற்காலியில் உட்காரவைத்துக் கொடுங்கள். பிள்ளைகளின் திருமணத்திற்கு வரன் தேடும் விளம்பரத்தில் சாதிப் பெயரை எழுதாதீர்கள். சபைத் தேர்தலில் சொந்தக்காரர் என்பதற்காக வாக்களிக்காதீர்கள். இவை மூன்றும் சபைக்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றுவதைவிடக் கடினமானவை என்று நான் அறிவேன்.

சபையில் மனம் காயப்பட்டுவிட்டேன். வீட்டிலிருந்தபடியே இணையத்தில் ஆராதனை பார்த்தால் போதாதா?

நோயாளிகளுக்கும் வெளியூரில் தனித்திருப்பவர்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால் திரையில் தெரியும் பிரசங்கியாருக்கு நீங்கள் பொறுமையாயிருக்கத் தேவையில்லை, அவருக்கு உங்கள் பெயரும் தெரியாது. ஒருவரையொருவர் தாங்குங்கள், மன்னியுங்கள், பாரங்களைச் சுமந்துகொள்ளுங்கள் என்று புதிய ஏற்பாடு சொல்பவற்றைக் கைக்கொள்ள, எரிச்சலூட்டக்கூடிய உண்மையான மனிதர்கள் வேண்டும். மத்தேயு 18:15-இன்படி, குற்றம் செய்தவரிடம் முதலில் தனித்துப் பேசிப் பாருங்கள். வன்முறையோ பாலியல் துன்புறுத்தலோ நடந்திருந்தால் இந்த அறிவுரை உங்களுக்குரியதல்ல. அது காவல்துறையிடம் போக வேண்டிய குற்றம். அதை மூடிமறைக்கும் சபையைவிட்டு வேறு சபைக்குச் செல்வது அவிசுவாசமல்ல.

சீஷராக்குவது போதகர்களின் வேலைதானே?

எபேசுவில், வேதத்தில் வல்லவனாகப் போதித்துவந்த அப்பொல்லோவைத் தங்களிடத்தில் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை அவனுக்கு அதிக திட்டமாய் விவரித்தவர்கள், கூடாரத் தொழில் செய்துவந்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் (அப்போஸ்தலர் 18:26). திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக விளங்கிய வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஞானஸ்நானம் பெற்ற எளிய கிராமத்தாரைத் தங்கள் தலையின்மேல் கைவைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்லச் செய்வார். அவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள்.

உங்களைவிடச் சில ஆண்டுகள் முன்னே நடந்த ஒருவரைக் கண்டுபிடித்து, மாதம் இருமுறை சந்தித்து ஓர் அதிகாரத்தைச் சேர்ந்து வாசிக்க முடியுமா என்று கேளுங்கள். பேச்சுத்திறனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம்; அவருடைய வீட்டார் அவரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். பின்பு நீங்களும் ஒரு வாலிபரையோ ஞாயிறு பள்ளிப் பிள்ளையையோ அப்படிச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகுதான் தொடங்க வேண்டும் என்பதில்லை.

எங்கள் வீட்டில் நான் மட்டுமே விசுவாசி. வீட்டாரிடம் எப்படி நடந்துகொள்வது?

நல்ல மருமகளாக, நல்ல மகனாக, முன்பைவிட அதிகப் பொறுப்போடு இருங்கள். சாட்சி கேட்கப்படும்போது "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி பேதுரு எழுதுகிறார் (1 பேதுரு 3:15). அவர்கள் வணங்குவதை இழிவாகப் பேசாதீர்கள். ஒரு சடங்கில் பங்குபெற மனச்சாட்சி இடம்தராவிட்டால், அன்று வீட்டைவிட்டு வெளியேறி நிற்காமல், சமையலையும் விருந்தினரையும் முழுமனதோடு கவனித்துக்கொள்ளுங்கள். மாமியாரின் முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்கும் கை, எந்தத் துண்டுப்பிரதியைவிடவும் தெளிவாகப் பேசும்.

ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். சந்தேகங்களும் வருகின்றன. நான் உண்மையில் சீஷன்தானா?

பேதுரு மூன்று முறை மறுதலித்தார். தோமா நம்ப மறுத்தார். இருவரையும் உயிர்த்தெழுந்தவர் தேடி வந்தார். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" (மாற்கு 9:24) என்று அழுத தகப்பனின் வேண்டுதலை இயேசு தள்ளிவிடவில்லை. அவன் பிள்ளையைச் சுகமாக்கினார். தனியே போராடாமல், நம்பத்தக்க ஒருவரிடம் அந்தப் பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள் (யாக்கோபு 5:16). குடியோ, சூதாட்டமோ, ஆபாசக் காட்சிகளோ அடிமைப்படுத்தியிருந்தால், ஜெபத்தோடு மருத்துவ உதவியும் ஆலோசனையும் நாடுவது விசுவாசக் குறைவல்ல. மனச்சோர்வில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருமானால், அதை இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், இன்றே மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் குடும்ப ஜெபம் பிள்ளைகளுக்குச் சலிப்பாகிவிட்டது.

சுருக்குங்கள். ஒரு கீர்த்தனை, ஒரு சிறு பகுதி, ஒரு ஜெபம் என்று பதினைந்து நிமிடத்தில் முடியட்டும். பிள்ளைகள் வாசிக்கட்டும், கேள்வி கேட்கட்டும். அன்று நீங்கள் பிள்ளையிடம் நியாயமில்லாமல் கோபப்பட்டிருந்தால், ஜெபத்திற்கு முன் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். மத்தேயு 5-ஆம் அதிகாரத்தை அவர்கள் அங்கே கண்ணால் காண்பார்கள்.

என் தாயார் படுத்த படுக்கையாக இருக்கிறார், கண்பார்வையும் மங்கிவிட்டது. அவருக்கு இனி சீஷத்துவம் என்று என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. தமிழ் வேதாகமம் முழுவதும் ஒலிவடிவில் கைப்பேசியில் கிடைக்கிறது. ஆனால் நாள் முழுவதும் ஓடவிடாமல், ஒரு சங்கீதத்தை மட்டும் போட்டு, அருகில் உட்கார்ந்து சேர்ந்து கேளுங்கள். சிறுவயதில் மனப்பாடம் செய்த வசனங்களையும் கீர்த்தனைகளையும் அவர் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். தீமோத்தேயுவின் விசுவாசம் முந்தி அவன் பாட்டியாகிய லோவிசாளுக்குள் நிலைத்திருந்தது என்று பவுல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 1:5). ஒவ்வொரு காலையும் இரண்டு மூன்று பெயர்களை, அவர்களுடைய தேவையோடு அவரிடம் சொல்லி, இவர்களுக்காக ஜெபியுங்கள் அம்மா என்று கேளுங்கள். மாலையில் அவர்களைப் பற்றிய செய்தியை வந்து சொல்லுங்கள். குருவானவரிடம் தெரிவித்தால் திருவிருந்தை வீட்டிற்கே கொண்டுவந்து பரிமாறுவார். அந்த நாளை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, பிள்ளைகளும் பக்கத்து வீட்டு முதியோரும் அன்று உடனிருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள்.